வட்டமாக இருந்தால் பாஸ்

என் வலது கண்ணைப் பார்த்து முதலில் "பாஸ்" சொன்னது டாக்டர் இல்லை, நான்தான். அந்த அவமானத்தை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். கண் நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் இருட்டு, ஒளி என்று உருக்கமாக ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. நான் பயந்த பயத்தைப் பார்த்து என் மைத்துனன் பாபு சிரித்த சிரிப்பு மேனாம்பேட்டில் எங்கள் தெருவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பு ஆலையில், தரம் பார்க்கும் லேபில் எனக்கு வேலை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி லாரிக்கும் டிராக்டருக்கும் பாகங்கள் செய்கிறோம். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு துண்டு என்னிடம் வரும். அதை அறுத்து, தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பேன். வெள்ளைத் தரையில் கறுப்பாகக் கரி தெரியும். அது குண்டு குண்டாக, வட்டமாக இருந்தால் இரும்பு உறுதி, பச்சை அட்டை. புழு நெளிந்த மாதிரி கோடு கோடாக இருந்தால் ஓங்கி அடித்தால் உடையும், சிவப்பு அட்டை. நடுவில் மஞ்சள் அட்டை ஒன்றும் உண்டு. குறை இருக்கிறது, ஆனாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்வதற்கு.

வட்டம் பாஸ், கோடு ரிஜெக்ட். இருபது வருடத்துக்கு மேலாக இதே பாட்டு. பெண் பார்க்கப் போனபோது தன் முகம் வட்டமாக இருந்ததால்தான் நான் தலையை ஆட்டினேன் என்று என் மனைவி சுமதி இன்றைக்கும் சொல்வாள். நான் மறுத்ததில்லை.

ஒரு நாள் பாலிஷ் மெஷினில் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அது கை நழுவியது. அலுமினாப் பொடி கலந்த, பால் மாதிரி இருக்கும் தண்ணீர் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. பாதுகாப்புக் கண்ணாடி எங்கே என்று கேட்காதீர்கள். நெற்றியில் இருந்தது. அதுதான் எங்கள் எஸ்டேட்டில் எல்லாரும் கண்ணாடி அணிகிற இடம். கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தியது. சுவரில் ஐ-வாஷ் பாட்டில் மாட்டியிருந்தது. கண்ணில் ஏதாவது பட்டால் உடனே கழுவுவதற்கென்று வைத்திருக்கும் தண்ணீர். பாட்டிலின் கழுத்தில் பச்சை அட்டை தொங்கியது. பச்சை அட்டையை நம்பாவிட்டால் நான் வேறு எதை நம்புவது? அண்ணாந்து நின்று பாட்டிலில் பாதியைக் கண்ணில் ஊற்றிக் கழுவினேன். ஜில்லென்று சுகமாக இருந்தது. வாழ்க்கையில் எனக்குச் சுகமாக இருந்தவை எல்லாமே பின்னால் வம்பில்தான் முடிந்திருக்கின்றன.

சில நாளில் கண் சிவந்தது. பாபு ஆட்டோ ஓட்டுகிறவன், காட்டுப்பாக்கத்தில் இருக்கிறான். அக்காவைப் பார்க்க வந்தவன் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினான்.

"இன்னா மாமே, கண்ணு தக்காளி மாரி கீது?"

"ஒண்ணும் இல்லடா, தூசி."

"தூசியா? மெட்ராஸ் ஐ மாமே! நம்ம ஸ்டாண்டுல பாதி பேருக்கு வந்துகினு கீது. சொட்டு மருந்து வாங்கி வுடு, மூணு நாள்ல பூடும். அதுவரிக்கும் என்னைப் பாக்காதே."

"பாத்தா ஒட்டாதுடா."

"அதெல்லாம் டாக்டர் சொல்றது. நீ அந்தாண்ட திரும்பிக்க."

மருந்துக்கடையில் இருந்தவர் என் கண்ணை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு வினாடி பார்த்தார். ஆப்பிள் வாங்கும்போதுகூட நாம் அதைவிட அதிக நேரம் பார்ப்போம். ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது. நான் அவரைத் தெய்வம் என்றேன், பாபுவை டாக்டர் என்றேன். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது சிவப்பை அமுக்கும், வலியை அமுக்கும், கூடவே கண்ணின் காவலையும் அமுக்கிவிடும். வாசலில் நிற்கிற வாட்ச்மேனைத் தூங்க வைத்துவிட்டு, வீட்டில் சத்தமே இல்லை என்று சந்தோஷப்படுவது போல.

அப்புறம் வலி வந்தது. பல்வலி, தலைவலி எல்லாம் எனக்குப் பழக்கம். இது வேறு. கண்ணுக்குள் யாரோ உட்கார்ந்து துளைபோடுகிற மாதிரி. வெளிச்சம் பட்டால் கத்தினேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் எரிகிற சின்ன பல்புக்குக்கூட. வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை மாட்டினோம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கழிவறைக்குப் போய் வந்தேன். கீழ்வீட்டுக்காரர் சுமதியிடம், "சாருக்கு ஏதாச்சும் வேண்டுதலா?" என்று விசாரித்தாராம்.

பயம் வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது, கற்பனை மட்டும் ஓவர்டைம் பார்க்கும். எதற்கும் இப்போதே பழகி வைப்போம் என்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்து பார்த்தேன். ஃப்ரிட்ஜில் மோதி நெற்றி புடைத்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த மகள் நிவேதா, "அப்பா, கண்ணு போகுதோ இல்லையோ, அதுக்குள்ள மண்டை போயிடும்போல" என்றாள். கல்லூரி போகிற பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை என்று சுமதி சொன்னாள்.

பக்கத்து கிளினிக்கில் "வைரஸ்" என்றார்கள். அதற்கொரு மருந்து. வலி குறையவில்லை. கடைசியில் ஒரு காலையில் பாபு தன் ஆட்டோவின் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி கட்டி, என்னை உள்ளே திணித்து, நகரத்தில் இருக்கும் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"மாமே, சவாரி ஏத்தற மாரியே இல்ல. சிலையைக் கரைக்க எடுத்துகினு போற மாரி கீது."

"கரைச்சிடாதடா."

"அட, இன்னா பேச்சு பேசற! நான் கீறேன்ல?"

கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம் ஒரு தனி உலகம். எல்லாரும் அண்ணாந்து, கண்ணை மூடி, சாமி வந்து இறங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பாப்பா விரிவதற்குச் சொட்டு விட்டிருப்பார்கள். பாப்பா என்பது கண்ணின் நடுவில் உள்ள கறுப்புத் துளை. அது விரிந்துவிட்டால் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது. ஒருவர் தன் மனைவி என்று நினைத்துச் சுமதியின் பையை வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பாபு ஓடிப்போய் மீட்டு வந்தான்.

என் டாக்டர் இளம்பெண். நிவேதாவைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். விளக்கு வைத்த கருவியில் என் கண்ணைப் பார்த்தார். நிதானமாக. நானும் துண்டை நிதானமாகப் பார்த்தேன் என்றால் சிவப்பு அட்டையை எடுக்கப்போகிறேன் என்று எங்கள் லேபில் எல்லாருக்கும் தெரியும்.

"கான்டாக்ட் லென்ஸ் போடுவீங்களா?"

"இந்த மூஞ்சிக்கா டாக்டர்?"

"குளம், ஏரி எதிலயாவது குளிச்சீங்களா?"

"வீட்டுலயே தினம் குளிக்கறது இல்லன்னு கம்ப்ளைன்ட் இருக்கு."

சுமதி என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் சிரிக்கவில்லை. கருவிழியைத் தொட்டுக் கொஞ்சம் சுரண்டி லேபுக்கு அனுப்பினார். கருவிழி என்றால் கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் தெளிவான பகுதி. அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனம். அதில் கறை விழுந்தால் உள்ளே எல்லாம் நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. சுரண்டியதில் ஒன்றும் தெரியவில்லை என்று பதில் வந்தது. நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். டாக்டர் விடவில்லை.

"மேல இல்லன்னா ஆழத்துல இருக்கலாம். உள்ள பாக்கணும்."

"வெட்டியா?"

"வெட்டாம. ஒரு மைக்ராஸ்கோப் இருக்கு. கண்ணுல வெச்சே பாத்துடலாம்."

மைக்ராஸ்கோப் என்ற வார்த்தையைக் கேட்டதும், நம்பமாட்டீர்கள், எனக்கு உயிர் வந்தது. வெளியூரில் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி. "எத்தனை எக்ஸ் டாக்டர், எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாக என்னை ஒரு மனிதனாகப் பார்த்தார். என் வேலையைச் சொன்னேன். அவரும் பொறுமையாகவே விளக்கினார். கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் என்று பெயர். சாதாரண மைக்ராஸ்கோப்பில் மேலே, கீழே, நடுவே என்று எல்லா ஆழத்திலிருந்தும் வரும் வெளிச்சம் குழம்பிப் படம் மங்கிவிடும். இதில் ஒரு ஊசித்துளை இருக்கிறது. எந்த ஆழத்தைக் குறி வைக்கிறார்களோ அங்கிருந்து வரும் வெளிச்சத்துக்கு மட்டும் அந்தத் துளையில் வழி. மற்றதெல்லாம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் கத்தி இல்லாமலே ரொட்டியைச் சீவின மாதிரி கண்ணை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். நான் ஒரு துண்டின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் அறுக்கணும், தேய்க்கணும், அரை நாள் போகும். பொறாமையாக இருந்தது. பயத்தோடு பயமாக அதையும் வைத்துக்கொண்டேன்.

"கோடு கோடா, கிளை விட்ட மாதிரி தெரிஞ்சா பூஞ்சை" என்றார் டாக்டர்.

கோடு. ரிஜெக்ட். எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கோடு இருக்கக் கூடாது, முருகா, கோடு மட்டும் இருக்கக் கூடாது என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் அடுத்து வட்டத்தைப் பற்றியும் சொன்னாராம். சுமதி கேட்டிருக்கிறாள்.

மரத்துப்போகிற சொட்டு விட்டார்கள். முகவாயையும் நெற்றியையும் தாங்கியில் வைத்துப் பட்டை போட்டார்கள். லென்ஸின் முனையில் ஜெல் தடவி, புது உறை ஒன்றை மாட்டி, மெல்ல நகர்த்திக் கருவிழியைத் தொட வைத்தார்கள். கண்ணை ஒரு கருவி வந்து தொடுகிறது, நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், ஆனால் ஒன்றும் உறைக்கவில்லை. சிவப்பு வெளிச்சம் கடல் மாதிரி ஆடியது. இடது கண்ணால் ஒரு புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். இத்தனை நாள் எத்தனை இரும்புத் துண்டை இப்படிப் பிடித்து வைத்து, குளிர்ந்த லென்ஸை இறக்கியிருக்கிறேன்! ஒரு துண்டுகூட என்னிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை. எனக்கு வலிக்காவிட்டாலும் "ஆ ஆ" என்று கத்தி வைத்தேன். எங்களில் யாராவது ஒருவர் கத்த வேண்டாமா?

முடிந்ததும் படங்களைத் திரையில் காட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள். நல்ல கண்ணாகிய இடது கண்ணால் பார்த்தேன். முதலில் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த இடது கண்ணின் உள்ளடுக்கு: அறுகோண அறுகோணமாக, தேன்கூடு மாதிரி, ஒரே அளவில். அப்படி ஒரு ஒழுங்கை நான் எந்த இரும்பிலும் பார்த்ததில்லை. நரம்புகள் வெள்ளை நூல் மாதிரி ஓடின. ஐம்பதை நெருங்கும் இந்த உடம்பில் இவ்வளவு அழகாக ஒன்று இருந்ததும் எனக்குத் தெரியாது, சுமதிக்கும் தெரியாது.

பிறகு வலது கண். மங்கலான சாம்பல் தரை. கோடு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இல்லவே இல்லை. வட்டங்கள்தான் இருந்தன. பளிச்சென்று வெள்ளையாக, ஓரம் தெளிவாக, ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி. எங்களுக்குக் கறுப்பு வட்டம், இங்கே வெள்ளை வட்டம். ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரி என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து கையைத் தட்டினேன்.

"பாஸ்! சுமதி, பாஸ்! எல்லாம் வட்டம்! ஒரு கோடு கிடையாது பாரு!"

சுமதி திரையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. அந்த வட்டம்தாங்க வியாதி."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். அகந்தமீபா என்று ஒரு உயிர். ஒரே செல். தண்ணீரிலும் மண்ணிலும் எங்கேயும் இருக்கும். கருவிழியில் கீறல் இருக்கும்போது உள்ளே புகுந்துவிட்டால் தின்ன ஆரம்பிக்கும். மருந்து பட்டால் தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உருண்டையாகத் தூங்கிவிடும். நாம் ஓய்ந்ததும் எழுந்து வரும். நான் பார்த்தது அந்த உருண்டைகள். இரண்டு சுவரும் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. ஓரம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று நான் மெச்சியது அதைத்தான்.

"கண்ணு பொழைக்குமா டாக்டர்?" என்றாள் சுமதி. அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

"சீக்கிரம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்ப போராடிப் பாக்கணும். கண்ணைக் காப்பாத்தறது முதல் வேலை. பார்வை எவ்வளவு மிஞ்சும்னு அப்புறம்தான் சொல்ல முடியும்."

நிறைய படம் பார்க்கிறவன் நான். இப்படிப்பட்ட இடத்தில் கதாநாயகன் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பான். நான் திரும்பினேன். எனக்கு அங்கே வாந்தி வந்தது.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் மணிக்கொரு தரம் சொட்டு விட வேண்டும், ராத்திரியிலும். மருந்துக்கடைகளில் கிடைக்காத மருந்து. ஆஸ்பத்திரியே கலந்து கொடுத்தது. நீச்சல்குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ரசாயன வகையாம், அதை மிகமிக நீர்க்கச் செய்து கண்ணில் விடுகிறார்கள். "உங்க கண்ணுக்கு இனிமே டிக்கெட் போடலாம்" என்றாள் நிவேதா.

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை என்று ஆவடிப் பக்கத்து வெல்டர். வேலி ஓரம் மரம் வெட்டும்போது குச்சி குத்தி, கண்ணில் பூஞ்சை. அவருக்கும் அதே மைக்ராஸ்கோப்தான், அவர் படத்தில் கோடுகள். என்னைவிட வாய்த்துடுக்கு அதிகம். கண்டதும் ஒட்டிக்கொண்டோம்.

"அண்ணாத்தே, உனக்கு இன்னாவாம்?"

"அமீபாவாம்."

"பூச்சியா? அட, எனக்குக் காளான். நான் சைவம், நீ அசைவம்."

"உன் கண்ணுல கோடு, என் கண்ணுல வட்டம். எங்க கம்பெனில உனக்கு ரிஜெக்ட், எனக்கு பாஸ்."

"உங்க கம்பெனிய இட்னு போய்க் கடல்ல போடு."

நர்ஸம்மா வந்து எங்கள் இருவருக்கும் மாறி மாறிச் சொட்டு விடுவார். இரண்டு ஒற்றைக்கண்ணர்கள் எதிரெதிரே படுத்துக்கொண்டு, உலகத்தில் இரண்டு கண் வைத்திருப்பவர்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தோம். ஏழுமலையின் சம்சாரம் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பின் வாசனையில் வார்டே எழுந்து உட்காரும். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். "சைவம்னு சொன்னியே?" என்றால், "கண்ணு மட்டும்தான்" என்பார்.

ஒரு காலையில் அவர் கட்டில் காலியாக இருந்தது. கருவிழி ஓட்டையாகிவிட்டது என்று அவசரமாக அழைத்துப் போயிருந்தார்கள். மாலையில் பெரிய கட்டோடு வந்தார். கண்ணை எடுத்துவிட்டார்கள். அவர் சம்சாரம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரேதான் பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணாத்தே, கீறியா?"

"கீறேன் ஏழுமலை."

"நீ சொன்னது சரிதான்யா. ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

அந்த ஜோக்கை நான் ஏன் அடித்தேன் என்று அன்று ராத்திரி முழுக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இன்றும் அவரோடு பேசுகிறேன். வெல்டிங்கை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் சொட்டு. மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். தோசை மாவுக்குப் பக்கத்தில் என் கண் குடியிருந்தது. பகலில் சுமதி, முன்னிரவில் நிவேதா, விடியற்காலையில் ஆட்டோ எடுப்பதற்கு முன்னால் காட்டுப்பாக்கத்திலிருந்து பாபு. முதல் நாள் குறி தவறி, சொட்டை என் மூக்கில் விட்டான். "மாமே, கண்ணைத் தொற. இன்னாத்துக்கு ஷட்டர் மாரி மூடிக்கற?" என்று அதட்டுவான். மெட்ராஸ் ஐ என்று சொன்ன வாய் அது. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. மழையோ குளிரோ, ஒரு நாளும் அவன் வராமல் இருந்ததில்லை.

நடுவில் கம்பெனி மேனேஜர் வரதன் பழக்கூடையோடு வந்தார். டாக்டர் என்னிடம் ஆரம்பத்திலேயே, பாலிஷ் பொடி கண்ணைக் கீறிய அன்று அதில் என்ன தண்ணீர் போனது என்று கேட்டிருந்தார். ஐ-வாஷ் பாட்டிலைச் சொன்னேன். "தேங்கின தண்ணியா இருந்தா அதுவா இருக்கலாம். வீட்டுக் குழாயாவும் இருக்கலாம். நிரூபிக்க முடியாது" என்றார். நேர்மையான பதில். அதையே நான் வரதனிடம் நேர்மையாகச் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன்.

"அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே தணிகா. உங்க வீட்டு டேங்க் தண்ணியாதான் இருக்கும். டேங்க் எல்லாம் கழுவறீங்களா?"

வேலையில் பட்ட காயம் என்று எழுத முடியாது என்றார். அவர் கொண்டுவந்த ஆப்பிளை அவரே எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் போன பிறகு சுமதி மாடிக்குப் போய் டேங்கைக் காலி செய்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒருவேளை என்னால்தானோ என்று அவள் மனசில் ஒரு முள்ளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார் அந்த மனுஷன். எனக்கு அவர் மேல் முதல் கோபம் அதற்காகத்தான்.

ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் வட்டங்கள் குறைந்தன. கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் கலங்கி, உடைந்து, வெற்றுக் கூடாக. வாழ்க்கை முழுவதும் நல்ல வட்டத்தைத் தேடியவன், கோணல் வட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்படக் கற்றுக்கொண்டேன். கடைசித் தடவை திரையை என் பக்கம் திருப்பிவிட்டு டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க சார். பாஸா, ரிஜெக்டா?"

வெகுநேரம் பார்த்தேன். வட்டம் இல்லை. கோடும் இல்லை. வெள்ளையாக ஒரு மூட்டம், அவ்வளவுதான். தழும்பு. சரியாக நடுவில், பார்வை போகிற வழியில். அந்தக் கண்ணால் பார்த்தால் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி ஆட்கள் தெரிகிறார்கள். ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. பின்னால் எப்போதாவது, கண் நன்றாக ஆறிய பிறகு, யாராவது தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்துப் பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம்.

"மஞ்சள் அட்டை டாக்டர்" என்றேன். விளக்கினேன். அவர் அன்றுதான் சிரித்தார்.

வேலைக்குத் திரும்பினேன். வரதன் தோளில் தட்டி, "மைக்ராஸ்கோப்புக்கு ஒரு கண்ணு போதுமே தணிகா" என்றார். உண்மைதான். இடது கண்ணுக்கு மாறிக்கொண்டேன். வட்டம் பாஸ், கோடு ரிஜெக்ட். வட்டத்தைப் பார்த்தால் மட்டும் பச்சை அட்டையை எடுக்கும் முன் இன்னொரு தடவை பார்க்கிறேன், அவ்வளவுதான்.

சுவரில் அதே பாட்டில். அதே இடம். கழுத்தில் புதுப் பச்சை அட்டை, ஏனென்றால் மறுநாள் ஆடிட். மூடியைத் திறந்து முகர்ந்தேன். பாசி வாசனை. உள்பக்கம் விரலை விட்டால் வழுவழுவென்றிருந்தது. என் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது இரும்பு பார்க்கிற கருவி. தண்ணீரில் அதற்கு ஒன்றும் தெரியாது. நிரூபிக்கவும் முடியாது. சரி, அட்டை போட நிரூபணம் எதற்கு? பச்சையை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு அட்டையை மாட்டினேன்.

சிவப்பு மாட்டின பொருளை அப்படியே விடக் கூடாது என்பது எங்கள் ஆலையின் விதி. யாரும் தெரியாமல் மறுபடி எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி அறுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒழுங்காக மாட்டிக்கொண்டு, பாட்டிலைத் துண்டு அறுக்கும் மெஷினில் பிடித்து வைத்து ஓடவிட்டேன். தண்ணீர் பீய்ச்சி அடித்துத் தரையெல்லாம் வழிந்தது. சத்தம் கேட்டு வரதன் ஓடி வந்தார்.

"யோவ், என்னய்யா பண்றே? நாளைக்கு ஆடிட்!"

"தெரியும் சார். ரிஜெக்ட் ஐட்டம் ஆடிட்டர் கண்ணுல படக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

அவர் தரையில் இரண்டாகக் கிடந்த பாட்டிலைப் பார்த்தார். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை புது பாட்டில் வந்துவிட்டது. அதே குழாயில் பிடித்த தண்ணீர், அதே பச்சை அட்டை. ஆடிட்டர் அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்.

என் மேஜை மேல் இப்போது, சீல் உடைக்காத சலைன் பாட்டில்கள் சில இருக்கின்றன. நானே வாங்கி வைத்தவை. அவற்றில் எந்த அட்டையும் இல்லை. பாலிஷ் போடுகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: கண்ணில் ஏதாவது தெறித்தால் சுவர்ப்பக்கம் போகாதே, என்னிடம் ஓடி வா. புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். தழும்பு தெரியாமல் இருக்க இப்போதெல்லாம் நான் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவேன். இதுவரை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.